தோற்ற டீமை என்ன செய்வது?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது சங்கச் செயலாளரிடம், "எதைப் பத்தி சார் பேசறது?" என்று கேட்டேன். "நீங்கதான் ஃபுட்பால் கேப்டன் ஆச்சே, வெற்றியின் ரகசியம்னு ஏதாவது பேசுங்களேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கேப்டனாக இருந்த 1979-80-இல் நம் கல்லூரி அணி 9 மேட்ச் ஆடியது. 7 தோல்வி, 2 டிரா. வெற்றியின் ரகசியம் எனக்கு எப்படித் தெரியும்? தோல்வியின் ரகசியம் வேண்டுமானால் கொஞ்சம் தெரியும். அதைத்தான் பேசப் போகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் இந்நாள் கால்பந்து அணி இந்த வருடம் கடைசி இடத்தில் வந்திருக்கிறது. "வருஷா வருஷம் தோக்கறதுக்கு எதுக்குப் பணம்? அதை கிரிக்கெட்டுக்குக் கொடுத்துடலாமே" என்று நம் கமிட்டியில் ஒரு யோசனை வந்திருக்கிறது. சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். முடிவெடுக்கும் முன் என்னையும் 20 நிமிடம் கேளுங்கள்.

கல்லூரி டீம் கதையை விடுங்கள். கோடிக்கணக்கில் பணம் போட்டு நடத்துகிற டீமே கடைசி இடத்துக்கு வருகிறது. நம்ம ஊர் சென்னையின் எஃப்.சி.யைப் பாருங்கள். நான் வங்கி வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு, பேரனைக் கூட்டிக்கொண்டு நேரு ஸ்டேடியத்துக்குப் போய்ப் பழகிவிட்டேன். எங்கள் காலத்தில் அது மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1993-இல்தான் இப்போதிருக்கும் ஸ்டேடியம் வந்தது.

சென்னையின் அணி 2014-இல் பிறந்தது. 2015-இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே போய், பெங்களூர் அணியை 3-2 என்று ஜெயித்து இரண்டாவது முறை கோப்பையைத் தூக்கியது. அடுத்த பருவம் 2018-19. அதே பயிற்சியாளர் ஜான் கிரிகரி. பெரும்பாலும் அதே முகங்கள். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 13 தோல்வி, மொத்தம் 9 புள்ளி. 10 அணிகளில் 10-ஆவது இடம். சாம்பியன் ஒரே வருடத்தில் கடைசி!

அதே 2018-19-இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. சென்னை சிட்டி என்று ஒரு டீம், கோயம்புத்தூரில் ஆடிக்கொண்டிருந்தது. முந்தைய வருடம் ஐ-லீகில் 8-ஆவது இடம். அந்த டீம் 43 புள்ளி எடுத்து, 42 புள்ளி எடுத்த கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆகிவிட்டது. கடைசி நாள், 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாபுடன் ஆட்டம். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்தார்கள். அதே பருவத்தில் மதுரை சேது எஃப்.சி. பெண்கள் அணி இந்திய மகளிர் லீகை வென்றது. ஒரே மாநிலம், ஒரே வருடம். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ஏன்?

வள்ளுவர் மயிலாப்பூர்க்காரர் என்று நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. கோயில் கூட இங்கே இருக்கிறது. பயப்படாதீர்கள், குறள் எதையும் ஒப்பிக்கப் போவதில்லை. பொருட்பாலில் அதிகாரத் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல், 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல், 53 சுற்றந்தழால், 54 பொச்சாவாமை. அரசனுக்குச் சொன்னது. ஆனால் தோற்ற டீமின் கோச்சுக்கு இதைவிட நல்ல அட்டவணை எனக்குத் தெரியவில்லை.

முதலில் வலியறிதல். நம்மிடம் என்ன பலம் இருக்கிறது, எது போய்விட்டது என்று உட்கார்ந்து எண்ணுவது. 2017-18-இல் சென்னையின் அணிக்கு ஜேஜே 9 கோல் போட்டார். அடுத்த பருவம் லீகில் ஒரே ஒரு கோல். நடுக்களத்தைக் காத்த நம் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் காயத்தால் அந்தப் பருவம் முழுக்க ஆட முடியவில்லை. கோல் போடுபவரும் இல்லை, பந்தைப் பிடுங்குபவரும் இல்லை என்றால் 'அதே டீம்' என்று சொல்வதில் என்ன அர்த்தம்? பேப்பரில் இருக்கும் பெயர் வேறு, மைதானத்தில் இருக்கும் கால் வேறு.

தோற்றவுடன் நாம் என்ன செய்கிறோம்? யார் மேல் தப்பு என்று தேடுகிறோம். அது வலியறிதல் ஆகாது. எங்கே தப்பு ஆரம்பித்தது என்று தேட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது காலமறிதல். 2019-இல் சென்னையின் புதிய ஆட்களை எடுத்தது. லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஷெம்ப்ரி. ஆனாலும் முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல் கூட விழவில்லை. 6 ஆட்டம் முடிந்தபோது 5 புள்ளிதான். கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். புதிதாக ஒரு படையையே கொண்டு வந்து இறக்கவில்லை, இருந்த ஆட்களை வைத்துத்தான் ஆடினார். மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி. கடைசியில் 4-ஆவது இடம். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, 2020 மார்ச் 14 அன்று ஃபைனல். கொரோனா பயத்தால் காலி ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆனால் நாலு ஆட்டத்தில் ஒரு கோல் போட முடியாமல் தவித்த டீம் அது என்பதை மறக்காதீர்கள். அதே வால்ஸ்கிஸ் அந்தப் பருவம் 15 கோல்.

இதைப் பார்த்து, "அப்போ கோச்சை மாத்தினா எல்லாம் சரியாயிடும்" என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2020-21-இல் லாஸ்லோ, 2021-22-இல் பந்தோவிச், பருவத்தின் நடுவில் அவரும் போய் நம் ஊர் சபீர் பாஷா தற்காலிகமாக, 2022-23-இல் பிரடாரிச். வருடத்துக்கு ஒரு கோச். மூன்று வருடமும் இடம் என்ன தெரியுமா? 8, 8, 8. முதல் வருடம் 20 ஆட்டத்தில் 11 டிரா. ஒவ்வொரு கோச்சும் தன் பாணியைச் சொல்லிக் கொடுத்து, பையன்களுக்கு அது புரிய ஆரம்பிக்கும்போது அடுத்தவர் வந்து அழித்து எழுதினால் என்ன ஆகும்? நம் வீட்டுப் பிள்ளைக்கு வருடா வருடம் பாட்டு வாத்தியாரை மாற்றினால் அது கீர்த்தனைக்கு எப்போது வரும்? சரளி வரிசையிலேயே நிற்கும். மாற்றம் தேவைதான். மாற்றிய பிறகு அவகாசமும் தேவை. காலமறிதல் என்றால் இரண்டும்தான்.

மூன்றாவது இடனறிதல். நாம் எந்த மண்ணில் நிற்கிறோம் என்று அறிவது. சென்னை சிட்டி என்ன செய்தது? சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். பேத்ரோ மான்சி என்ற முன்கள வீரர் 21 கோல் போட்டார், அவரோடு ஸ்பெயினிலிருந்து வந்த சிலர். அவர்களைச் சுற்றித் தமிழ்நாட்டுப் பையன்கள் பலர். வெளியிலிருந்து வந்தவர் வித்தை சொல்லித் தருவார், உள்ளூர்ப் பையன் ஊரைக் கூட்டி வருவான். இரண்டும் சேர்ந்ததால் கோயம்புத்தூரில் கூட்டம் சேர்ந்தது.

நம் வடசென்னையில், வியாசர்பாடியில், பையன்கள் தெருவில் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சென்னைப் பையன் நந்தகுமார் 2023 டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராகக் கோல் போட்டார். அந்த ஒரு கோலில் கொல்கத்தாவே ஆடிப்போயிற்று. கண்டனூர் சிவசக்தி பெங்களூருக்கு ஆடிப் பெயர் வாங்கினார். கன்னியாகுமரிக் கடலோரத்துச் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடினார். சந்தோஷம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக் கிணற்றில் நம் ஊற்று ஓடுகிறதே என்று ஒரு ஆதங்கம் வருமா வராதா?

நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்தே வரும். ஆளைத் தெரிந்து தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த ஆளுக்கு ஏற்ற வேலையைக் கொடுப்பது. 2018 ஃபைனலை நினைத்துப் பாருங்கள். 9-ஆவது நிமிடத்தில் சேத்ரி கோல் போட்டுப் பெங்களூர் முன்னால். சென்னைக்குக் கோல் போட்டது யார்? மைல்சன் ஆல்வெஸ். அவர் தடுப்பாட்டக்காரர்! கார்னர் கிக் வரும்போது உயரமான அந்த மனிதரை முன்னால் அனுப்பினார்கள், இரண்டு முறை தலையால் முட்டி இரண்டு கோல். புதிய ஆளை வாங்கவில்லை, பத்து பைசா செலவில்லை. இருக்கிற ஆளிடம் இருக்கிற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

ஆறாவது சுற்றந்தழால். கூட இருப்பவர்களை அணைத்துக்கொள்வது. 2020 ஃபைனல் முடிந்த சூட்டோடு காயில் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2022-இல் சாங்டே மும்பைக்குப் போனார். 2016-இலிருந்து இங்கேயே வளர்ந்த அனிருத் தாபா 2023-இல் மோகன் பகானுக்குப் போனார். தொழில்முறை ஆட்டத்தில் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் குடும்பத்தை அவர்கள் பார்க்க வேண்டும். ஆனால் கட்டிய வீட்டின் செங்கல்லை வருடா வருடம் உருவினால், அடுத்த வருடம் அஸ்திவாரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 2023-இல் காயில் திரும்பி வந்ததும் 6-ஆவது இடம் பிடித்துப் பிளே ஆஃப் வரை போனார்கள். மறுபடி 2024-25-இல் 13 அணிகளில் 11-ஆவது இடம். 2025-இல் லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தமே சிக்கலாகி, அடுத்த பருவம் ஆரம்பிப்பதே தள்ளிப் போயிற்று. அந்த மாதங்களில் விளையாட்டுக்காரன் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏழாவது பொச்சாவாமை. ஜெயித்த மிதப்பில் மறந்து போகாமல் இருப்பது. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியை மாணவர்கள் அறிவீர்கள். 2015 ஏப்ரலில் பிரிமியர் லீகின் கடைசி இடம். தப்பிப் பிழைத்து, அடுத்த வருடம் 2016-இல் சாம்பியன். உலகமே கொண்டாடியது. அதே லெஸ்டர் 2023-இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. நம் சென்னை சிட்டியும் அப்படித்தான். சாம்பியன் ஆன அடுத்த பருவத்தின் நடுவிலேயே மான்சி ஜப்பானுக்குப் போனார். 2021-22 ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. எட்டாம் இடத்திலிருந்து உச்சிக்குப் போக ஒரு வருடம், உச்சியிலிருந்து காணாமல் போக மூன்று வருடம். தோற்றவனுக்கு மட்டுமல்ல, ஜெயித்தவனுக்கும் அடுத்த வருடம் என்று ஒன்று வருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, 2015 கதையையும் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த வருடம் 10 ஆட்டம் முடிந்தபோது சென்னையின் பட்டியலின் அடியில் கிடந்தது. மீதி நாலு ஆட்டத்தையும் ஜெயித்து அரையிறுதி போனார்கள். அப்போதுதான் டிசம்பர் வெள்ளம். நம் ஊரே தண்ணீரில். சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள், 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 89 நிமிடம் வரை 2-1 என்று பின்தங்கி, கடைசி மூன்று நிமிடத்துக்குள் இரண்டு கோல், 3-2. எங்கள் தெருவில் ஈரம் உலராத பாயை மொட்டை மாடியில் காய வைத்திருந்த வீடுகளில் அன்று ராத்திரி பட்டாசு வெடித்தது. பந்து யாருக்கும் சோறு போடாது. ஆனால் அன்றைக்கு அது வேறு எதையோ போட்டது.

இப்போது நான் பாக்கி வைத்த கதைக்கு வருகிறேன்.

1980 பிப்ரவரி. கடைசி மேட்ச், 5-0 தோல்வி. எங்கள் கோல்கீப்பர் பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பையன். விடியற்காலையில் அப்பாவோடு வலை இழுத்துவிட்டு எட்டரை மணி வகுப்புக்கு வருவான். மேட்ச் முடிந்ததும், எல்லோர் முன்னாலும், எதிர் டீம்காரர்கள் கேட்கும்படி, "உன்னாலதாண்டா இந்த வருஷமே போச்சு" என்று கத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஜெர்சியைக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதன் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த வருடம் கல்லூரிக்கும் வரவில்லை.

ஜூன் மாதம் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினார். நாங்கள் வாங்கிய ஒவ்வொரு கோலும் எங்கிருந்து ஆரம்பித்தது என்று பென்சிலால் படம் போட்டு வைத்திருந்தார். மொத்தம் 23 கோல். அதில் 14 கோல் எங்கள் இடது பக்கத்திலிருந்து வந்த பந்து. "லெஃப்ட் ஹாஃப் யாருப்பா?" என்று கேட்டார்.

லெஃப்ட் ஹாஃப் நான்தான். கோல் போடும் ஆசையில் முன்னால் ஓடுவேன், திரும்பி வரமாட்டேன். நான் விட்ட இடத்தில் புகுந்து வந்த பந்தையெல்லாம் அவன் ஒருவனே தடுத்துக்கொண்டிருந்தான். 23-ஓடு நின்றதே அவனால்தான்.

கல்லூரியிலிருந்து பட்டினப்பாக்கம் நடந்து போகிற தூரம். அன்றைக்கே போய், "டேய், தப்பு என்னுதுடா, வா" என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. வெட்கம். அடுத்த வருடம் வேறு கோலி, அதே இடது பக்கம், இன்னும் அதிக கோல்.

அவனை மறுபடி பார்த்தது 2004 டிசம்பர் கடைசியில். சுனாமி வந்த மூன்றாம் நாள், நாங்கள் சில பேர் அரிசி மூட்டையோடு சீனிவாசபுரம் போயிருந்தோம். வரிசையில் நின்ற ஒருவர் என்னையே பார்த்தார். தலை நரைத்திருந்தது. வீடு போய்விட்டது, படகு போய்விட்டது, ஆட்கள் பத்திரம் என்றார். பிறகு லேசாகச் சிரித்து, "இன்னா கேப்டன், லெஃப்ட் சைடு இப்பவாச்சும் பாத்துக்கிறியா?" என்று கேட்டார். எனக்கு வாயே திறக்கவில்லை. 24 வருடமாக அவருக்கும் தெரிந்திருக்கிறது. அன்று மைதானத்தில் என்னைத் திருப்பிக் கேட்காமல் விட்டிருக்கிறார். அரிசி மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு, செய்ய வேண்டிய மன்னிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். "அத்த வுடு கேப்டன், மூட்டைய எறக்கு, பின்னால ஆளு நிக்குது" என்றார்.

கமிட்டி நண்பர்களே, என் வேண்டுகோள் இதுதான். கால்பந்துப் பணத்தை நிறுத்தாதீர்கள். மூன்று வருடம் கொடுங்கள், மூன்று வருடமும் ஒரே கோச் இருக்கட்டும். காலைப் பயிற்சி முடிந்ததும் பையன்களுக்கு இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம். ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமை தோறும் வருகிறேன், எனக்கு வேறு வேலை இல்லை. அதில் பெயர் எழுதமாட்டேன், இடம் மட்டும் எழுதுவேன்.

மாணவர்களே, இந்த வருட கோல்கீப்பர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். அவனை எழுந்து நிற்கச் சொல்லப் போவதில்லை. கேப்டனும் இங்கேதான் இருப்பான். தம்பி, உனக்கு மட்டும் ஒன்று. இன்று சாப்பாட்டுப் பந்தியில் உன் கோலி பக்கத்தில் போய் உட்கார். ஒன்றும் பேச வேண்டாம், பாயசத்தை அவன் பக்கம் தள்ளு போதும். அடுத்த சீசன் அங்கே ஆரம்பிக்கும்.